டீசல் பம்ப் மக்கர் செய்கிறதா? அடிட்டிவ் பாட்டிலைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி இழுக்கவில்லை, சூட்டில் ஸ்டார்ட் ஆகவில்லை, ஐடிலில் ஏறி இறங்குகிறது. எதுவானாலும் பலருக்கு முதலில் கை போவது டேங்க் மூடிக்குத்தான். கொஞ்சம் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்), இல்லாவிட்டால் டீசலின் வழுவழுப்பைக் கூட்டக் கடையில் கிடைக்கும் அடிட்டிவ் ஒரு பாட்டில். ஊற்றியதும் சத்தம் சற்று அடங்கும், பழுது அப்படியே இருக்கும். நல்ல நிலையில் உள்ள பம்ப் தேயாமல் இருக்க அடிட்டிவ் உதவும். தேய்ந்துபோன இரும்பை அது திரும்ப வளர்க்காது. கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முதலில், பம்பைக் கழற்றுவது கடைசியில்.

## முதலில்: உங்கள் பம்ப் எந்த வகை?

போனட்டைத் திறந்து, இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் இரும்பு பைப்புகள் பம்பிலிருந்து எப்படிக் கிளம்புகின்றன என்று பாருங்கள்.

பைப்புகள் பம்பின் மேலே ஒரே வரிசையில் நின்றால் இன்லைன் பம்ப். நம் மெக்கானிக்குகள் இன்றும் ‘மைக்கோ பம்ப்’ என்பது பெரும்பாலும் இதைத்தான். இதன் கேம் ஷாப்ட், டாப்பெட் இரண்டும் ஆயிலில் ஓடுகின்றன. டீசலின் வழுவழுப்பை நம்பியிருப்பது எலிமெண்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் பிளஞ்சர், பேரல் ஜோடி) மட்டுமே. அடிட்டிவ் இல்லாவிட்டாலும் இது எளிதில் சாகாது. ஆனால் சில பம்புகளில் கேம் அறைக்குத் தனி ஆயில் உண்டு, பக்கவாட்டில் லெவல் பிளக் இருக்கும். அதை வருடக்கணக்கில் திறக்காமல் விட்டுவிட்டு டேங்கில் பாட்டில் ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பைப்புகள் வட்டமாக, தலையைச் சுற்றியோ பின்பக்கமோ கிளம்பினால் ரோட்டரி பம்ப். டிபிஏ, விஇ என்ற பம்ப் மாடல்கள் இரண்டும் இந்த வகை. உள்ளே ஆயில் என்று எதுவும் கிடையாது, முழு உயவும் டீசலில்தான். அடிட்டிவ் பற்றிய பேச்சுக்கு உண்மையான அர்த்தம் இருப்பது இங்கே.

எல்லா பைப்பும் ஒரு தடித்த இரும்புக் குழாயில் போய்ச் சேர்ந்து, நாசில் ஒவ்வொன்றின் தலையிலும் ஒயர் இருந்தால் காமன் ரெயில். இதிலும் ஹை பிரஷர் பம்ப் பெரும்பாலும் டீசலில்தான் ஓடுகிறது, அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். இதில் பைப் முனையின் யூனியன் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும்) பழைய பழக்கம் கூடவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், விரலையே எடுக்கும்படி ஆகலாம்.

## அறிகுறி 1: காலையில் ஸ்டார்ட் ஆகிறது, சூடானபின் அணைத்தால் மறுபடி ஆகவில்லை

ரோட்டரி பம்ப் உள்ள டிராக்டர், வேன் வைத்திருப்பவர்களின் முதல் புகார் இது. அரை மணி நேரம் ஆறவிட்டால் தானாகவே ஸ்டார்ட் ஆகும். அதனால் ‘ஏதோ கரண்ட் கோளாறு’ என்று பேட்டரியை மாற்றியவர்கள் நிறைய.

செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா? பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். சூடான செல்ஃப் மெதுவாகச் சுற்றினாலும் இதே அறிகுறிதான். வேறொரு நல்ல பேட்டரியில் ஜம்பர் போட்டு அடித்துப் பாருங்கள். பட்டென்று பிடித்தால் பம்பைத் தொட வேண்டாம்.

சாவியைத் திருப்பும்போது பம்பின் மேல் ‘டக்’ என்று கேட்கிறதா? அது டீசலைத் திறந்து மூடும் ஸ்டாப் சோலினாய்டின் சத்தம். சூடானபின் கேட்காவிட்டால், சோலினாய்டு டெர்மினலுக்குக் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். கரண்ட் வந்தும் சத்தமில்லை என்றால் காயில் சூட்டில் அறுகிறது. சோலினாய்டை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டும் சரியென்றால் ஈரத்துணி சோதனை. இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து, பைப்புகள் கிளம்பும் பம்புத் தலையைச் சுற்றிப் போடுங்கள். ஆல்டர்னேட்டரிலும் செல்ஃப்பிலும் தண்ணீர் படாமல் ஒரு பாலித்தீன் உறையால் மூடுங்கள். சாதாரணத் தண்ணீரைத் துணி நனையும் அளவுக்கு, 5 முதல் 10 நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கையால் தொட்டால் சூடு குறைந்திருக்க வேண்டும். இப்போது செல்ஃப் அடியுங்கள். பிடித்துவிட்டால் முடிவு தெரிந்துவிட்டது: பம்பின் ஹெட்டும் அதற்குள் சுற்றும் ரோட்டரும் தேய்ந்திருக்கின்றன. சூட்டில் டீசல் இளகி அந்த இடைவெளி வழியே கசிகிறது, செல்ஃப் சுற்றும் வேகத்தில் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வருவதில்லை. ஆறினால் டீசல் கெட்டியாகும், கசிவு குறையும், பிடிக்கும்.

இன்ஜின் ஓடும்போது பம்பின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். வெளிப்பக்க ஹெட் சட்டென்று சுருங்கும், உள்ளே சுற்றும் ரோட்டர் சுருங்காது. நடுவில் இருப்பது சில மைக்ரான் இடைவெளிதான். அங்கேயே சீஸ் ஆகி டிரைவ் ஷாப்ட் அறுந்துவிடும்.

அடிட்டிவ் ஊற்றலாமா? இங்கே உதவாது. அடிட்டிவ் டீசலை வழுவழுப்பாக்கும், கெட்டியாக்காது. டேங்கில் இன்ஜின் ஆயில் கலந்தால் டீசல் கெட்டியாகி வண்டி ஸ்டார்ட் ஆகும் என்பது உண்மை. அறுவடை நடுவில் இரண்டு நாள் ஓட்டியாக வேண்டுமென்றால் அப்படிச் செய்பவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நாசில் முனையில் கரி கட்டும், தேய்மானமும் நிற்காது. வடித்த கருப்பு ஆயிலை ஊற்றுவது இன்னும் மோசம்: அதிலிருக்கும் மசியும் இரும்புத் துகளும் பம்புக்கு உப்புத்தாள்.

எப்போது பம்ப் கடை: ஈரத்துணியில் ஸ்டார்ட் ஆன அன்றே. ஹெட் அண்ட் ரோட்டர் செட்டாகத்தான் வரும், ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. போட்டபின் டெஸ்ட் பெஞ்சில் காலிபரேஷன் செய்தே வாங்குங்கள்.

## அறிகுறி 2: ஐடிலில் ஏறி இறங்குகிறது

முதல் சந்தேகம், பம்புக்கு வரும் லைனில் ஏர். டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸின் ஒரு துண்டைக் கழற்றி, டீசல் தாங்கும், உள்ளே தெரியும் கண்ணாடி ஹோஸ் அரை அடி போட்டு கிளிப் இறுக்குங்கள். மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனிலும் ஒன்று. இன்ஜினை 5 நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனவுடன் ஓரிரு குமிழ் வருவது சரி. சோடா பாட்டில் போலத் தொடர்ந்து வந்தால் லைன் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் இந்த வரிசையில்: பில்டர் கிண்ண கேஸ்கெட், பைப்பை இணைக்கும் துளையுள்ள பேஞ்சோ போல்டின் காப்பர் வாஷர் (ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் போட்டிருப்பார்கள்), கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமர், வெடித்த ரப்பர் ஹோஸ். காற்று நுழையும் இடத்தில் டீசல் வெளியே சொட்டாது. ‘லீக் எதுவும் இல்லையே’ என்பது பதிலாகாது.

தனி கேன் சோதனை. குமிழ் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகம் தீரவில்லையா? 5 லிட்டர் சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் எடுத்து, இன்ஜினை விட உயரத்தில் கட்டி, குட்டையான ஹோஸில் நேராக பில்டருக்குக் கொடுங்கள். ரிட்டர்னையும் அதே கேனுக்கு விடுங்கள். காமன் ரெயிலில் இந்த வேலை வேண்டாம்.

- ஐடிலில் ஏறி இறங்குவது நின்றுவிட்டதா: பழுது டேங்கிலோ லைனிலோ. பம்ப் நன்றாக இருக்கிறது.
- அப்படியே ஏறி இறங்குகிறதா: வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரில் பழுது, அல்லது டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு ஒட்டுகிறது.

இரண்டாவது கிளைக்கு வந்தால்தான் அடிட்டிவுக்கு நியாயமான வேலை. மாதக்கணக்கில் நின்ற டிராக்டர், அறுவடை மிஷின், ஜெனரேட்டர் ஆகியவற்றில் பழைய டீசல் கோந்துபோல் படிந்து மீட்டரிங் வால்வைப் பிடிக்கும். அதே கேனில், கறை நீக்கும் குணமும் வழுவழுப்பும் சேர்ந்த அடிட்டிவை லேபிளில் போட்ட அளவில் கலந்து, அரை மணி நேரம் ஐடிலில் ஓடவிடுங்கள். நடுநடுவே ஆக்சிலேட்டரை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். அணைத்து ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுநாள் மறுபடி ஓட்டுங்கள். குறைந்தால் டேங்க் டீசலை மாற்றி, பில்டர் மாற்றி, தொடருங்கள். குறையவே இல்லை என்றால் இரண்டாவது பாட்டில் வாங்காதீர்கள். கவர்னர் ஸ்பிரிங், லிங்க் தேய்மானம் எல்லாம் பம்பைத் திறந்தால்தான் தெரியும்.

## அறிகுறி 3: லோடில் இழுக்கவில்லை

புகையைப் பாருங்கள். கரும்புகை தள்ளுகிறது என்றால் டீசல் போதாமை அல்ல. ஏர் கிளீனர், டர்போ ஹோஸ், நாசில் பக்கம் போங்கள். பம்பின் உயவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புகையே இல்லாமல் மூச்சு வாங்குகிறது என்றால் டீசல் போதவில்லை. முதலில் டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டுங்கள். திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஒரு ஊசியால் தீரும் வேலை. அடுத்து பில்டர். அதற்கடுத்து டேங்கின் உள்ளே உறிஞ்சும் குழாயின் வலை. பிறகு டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் பீடு பம்ப்: பம்புக்குள் போகும் பைப்பைக் கழற்றி பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடித்தால் விட்டுவிட்டுத் தெளிவாகத் துப்ப வேண்டும். அழுதுவடிந்தால் அதன் வால்வு அல்லது டயாப்ரம் போயிருக்கிறது. (காமன் ரெயிலில் இதையும் செய்ய வேண்டாம், ஸ்கேனரில் லோ பிரஷரைப் பாருங்கள்.)

இத்தனையும் சரியாக இருந்தால்தான் பெரிய பம்பின் மேல் சந்தேகம். டீசல் போதாமல் ஓடும் பம்ப் உயவும் போதாமல்தான் ஓடுகிறது. அடைத்த பில்டரோடு ஓட்டுவதைவிட பம்பைக் கெடுக்கும் வேறு வழி தேட வேண்டியதில்லை.

## அறிகுறி 4: பம்பில் கிறீச்சல், அல்லது பில்டரில் மினுமினுப்பு

பில்டரை மாற்றும்போது பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் டீசலை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளித்தூள் போல் மினுங்கினால் ஒரு காந்தத்தைத் தட்டின் அடியில் நகர்த்துங்கள். கூடவே நகர்ந்தால் இரும்பு. பில்டர் பம்புக்கு முன்னால் இருக்கிறதே, தூள் எப்படி வந்தது என்று கேட்கலாம். ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்குப் போய்ச் சுற்றி வந்தது.

ரோட்டரி, இன்லைன்: ஓட்டுவதை நிறுத்தி, டீசலை ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீர்க் கோடு விழுகிறதா, கலங்கலாக இருக்கிறதா, நீலச்சாயம் தெரிகிறதா என்று பாருங்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச்சாயம் போடுவார்கள். அதைக் கலந்த டீசல் நீர்த்து, வழுவழுப்பும் இழந்திருக்கும். சந்தேகம் பங்க் மேல் என்றால் அடர்த்தி சோதிக்கச் சொல்லுங்கள். அது வாடிக்கையாளர் உரிமை. 15 டிகிரிக்குத் திருத்திய அளவு, பங்க் பதிவில் உள்ளதிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் விலகக் கூடாது.

காமன் ரெயில்: ஹை பிரஷர் பம்பின் மீட்டரிங் வால்வைக் கழற்றினால் அதன் சிறு வலையில் மினுக்கம் தெரியும். தெரிந்தால் சாவியைத் திருப்பவே வேண்டாம். பம்ப், ரெயில், பைப்புகள், இன்ஜெக்டர்கள், டேங்க் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டிய வேலை. பம்பை மட்டும் புதிதாகப் போட்டால், லைனில் மிச்சமிருக்கும் தூள் புது இன்ஜெக்டரையும் தின்றுவிடும். டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

தவறிப் பெட்ரோல் போட்டுவிட்டால்: சாவியை ஆன் செய்யாதீர்கள், டேங்கில் மின்பம்ப் உள்ள வண்டிகளில் ஆன் செய்தாலே பெட்ரோல் முன்னே போய்விடும். மொத்தமும் வடித்து, புது டீசல் விட்டு, பில்டர் மாற்றி, ஏர் எடுத்து, அப்புறம் ஒரு டேங்குக்கு அடிட்டிவ் கலக்கலாம். பெட்ரோலை வடிக்காமல் ‘ஆயில் ஊற்றிச் சரிக்கட்டுவது’ சரிக்கட்டல் அல்ல.

## அறிகுறி 5: இன்ஜின் ஆயில் லெவல் தானாக ஏறுகிறது

டிப்ஸ்டிக்கில் ஒரு சொட்டை வடிகட்டித் தாளில் விட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். நடுவில் கருப்பு, அதைச் சுற்றி வெளிறிய ஈர வளையம் அகலமாகப் பரவினால் டீசல் கலந்திருக்கிறது. வழி மூன்று: பீடு பம்ப் டயாப்ரம், பம்ப் டிரைவ் ஷாப்ட் சீல், இன்லைன் என்றால் தேய்ந்த எலிமெண்ட். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர்) உள்ள புது வண்டிகளில் சிறுசிறு ஓட்டமாகவே ஓடினால் பம்ப் பழுதில்லாமலும் லெவல் ஏறும், அதை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். எதுவானாலும் அந்த ஆயிலோடு ஓட்டாதீர்கள். பம்ப் செலவு பேரிங் செலவாக மாறும். பாட்டிலுக்கு இங்கே வேலையில்லை.

## அறிகுறி 6: பழைய பம்ப் ஓரங்களில் கசிவு

பல வருடம் பழைய டீசலில் ஊறி உப்பிய நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குகள், கந்தகம் குறைந்த டீசலில் சுருங்கும். டீசலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ரகத்தில் சீல் கிட் மாற்றுங்கள். விஷயம் அவ்வளவுதான்.

## அறிகுறி 7: அடிட்டிவ் போட ஆரம்பித்ததிலிருந்து பில்டர் அடிக்கடி அடைக்கிறது

பில்டரில் இருப்பதைத் தொட்டுப் பாருங்கள்.

- கருப்பு வழவழப்பு, புளித்த நாற்றம்: தண்ணீரில் வளரும் கிருமி. டேங்க் அடித் தண்ணீரை வடித்துக் கழுவிய பிறகே கிருமிநாசினி. மழைக்காலம் முழுக்கப் பாதி டேங்கோடு நின்ற வண்டிகளில் இது சகஜம்.
- கிரீஸ் போன்ற பிசின் அல்லது சோப்புப் பதம்: அமில வகை அடிட்டிவ், டீசலில் கலந்த இன்ஜின் ஆயிலோடு அல்லது தண்ணீரில் உள்ள சோடியத்தோடு சேர்ந்து உண்டாவது. அடிட்டிவையும் ஆயிலையும் ஒன்றாக ஊற்றுபவர்களுக்கு வரும். இரண்டையும் நிறுத்தி, இரண்டு பில்டர் தொடர்ந்து மாற்றுங்கள்.
- சாதாரணத் துருவும் அழுக்கும்: அடிட்டிவ் டேங்கைக் கழுவுகிறது. ஓரிரு பில்டரோடு நின்றுவிடும்.

## சரி, எப்போது ஊற்றலாம், எவ்வளவு?

1990-களின் தொடக்கத்தில் சுவீடனில் கந்தகம் நீக்கிய டீசல் வந்தபோது பம்புகள் சீக்கிரம் தேய்ந்தன. கந்தகத்தை நீக்கும் முறையே இயற்கையான வழுவழுப்பையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் தரக்கட்டுப்பாட்டில் தேய்மான வடு அளவு (டீசலில் உரசவிட்ட இரும்புக் குண்டில் விழும் தழும்பின் அளவு) சேர்ந்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் மட்டுமே. ஆனால் அதே தரக்கட்டுப்பாடு 60 டிகிரி சோதனையில் வடு 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது என்கிறது. அதற்கான மருந்தைக் கலந்த பிறகே டீசல் பங்குக்கு வருகிறது. நல்ல பங்கில் அடித்து ஓடும் புது வண்டிக்குத் தனியாக ஒன்றும் வேண்டியதில்லை.

பழைய ரோட்டரி பம்ப், மாதக்கணக்கில் நிற்கும் ஜெனரேட்டர், எங்கிருந்து வந்தது என்று தெரியாத கேன் டீசல், தவறிப் போட்ட பெட்ரோலை வடித்துக் கழுவிய டேங்க்: இந்த நான்குக்கும் போடலாம். வாங்கும்போது லேபிளில் வழுவழுப்பைக் கூட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும், கலக்கும் விகிதம் இருக்க வேண்டும், சாம்பல் விடாத ரகமாக இருக்க வேண்டும். தண்ணீரை டீசலோடு கலந்து எரிப்பதாகச் சொல்லும் ஆல்கஹால் ரகம் வேண்டாம். தண்ணீர்ப் பிரிப்பானில் தங்க வேண்டிய தண்ணீரை அது பம்புக்குள் அனுப்பும்.

விகிதம் 1-க்கு 1000 என்றால் 60 லிட்டருக்கு 60 மி.லி. கண்ணளவில் ஊற்றாமல் மருந்துக் கடை சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். டேங்கில் கால் பாகம் இருக்கும்போது அடிட்டிவை முதலில் விட்டு, பிறகு டீசலை அடித்தால் தானே கலந்துவிடும். இரட்டிப்பு அளவு இரட்டிப்புப் பலன் தராது. உலோகப் பரப்பில் ஒட்ட வேண்டியது ஒட்டியபின் மிச்சம் பில்டருக்குத்தான் போகும்.

2டி ஆயில் என்றே பிடிவாதமாக இருந்தால், டிபிஎஃப் உள்ள வண்டியிலும் காமன் ரெயிலிலும் வேண்டாம். பழைய ரோட்டரிக்கு, படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ரகம் சாம்பல் விடாது. லிட்டருக்கு 5 மி.லி.க்கு மேல் போகாதீர்கள், அதற்கென்றே செய்த அடிட்டிவுக்கு ஈடான பலனையும் எதிர்பார்க்காதீர்கள். விளக்கெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது டீசலில் சரியாகக் கரையாது, டேங்க் அடியில் தங்கி, குளிர்ந்த காலையில் முதல் ஆளாகப் பில்டரை அடைக்கும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் கலக்கும், நின்றால் பிசினாகி நீங்கள் அறிகுறி 2-இல் பார்த்த அதே மீட்டரிங் வால்வைப் பிடிக்கும்.

பில்டரைக் கழற்றிய எந்த வேலைக்குப் பிறகும், இன்லைனிலும் ரோட்டரியிலும் ஏர் எடுக்கும் வரிசை இது: பில்டர் தலையின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிற்கும்வரை ஹேண்ட் பிரைமரை அடித்து இறுக்குங்கள். பம்பின் ஏர் ஸ்க்ரூவில் அதையே செய்யுங்கள். பிறகு நாசில் பக்கம் இரண்டு யூனியன் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் 15 வினாடி அடித்து, டீசல் துப்பியதும் இறுக்குங்கள். ஒரு நிமிடம் செல்ஃபை ஆறவிட்டு மறுபடி. நான்கு தடவைக்குப் பிறகும் நாசிலுக்கு டீசல் வரவில்லை என்றால் அடிப்பதை நிறுத்துங்கள். டீசல் இல்லாமல் சுற்றும் ரோட்டர் வறட்டு இரும்பில் உரசிக்கொண்டிருக்கிறது. ஏர் எங்கே நுழைகிறது என்று கண்ணாடி ஹோஸைப் போட்டுப் பாருங்கள், அல்லது பம்ப் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.